பசுந்தழை என்று எழுதினேன்

புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்கள் ஆறு பேருக்கும் ஆளுக்கொரு பைனாகுலர், ஒரு நோட்டு, ஒரு தொப்பி கொடுத்திருக்கிறார்கள். எங்கள் காலத்தில் தொப்பி கிடையாது, மற்றபடி எல்லாம் அதேதான். கூட்டை எப்படிக் கண்டுபிடிப்பது, தூரத்தை எப்படி அளப்பது, படிவத்தை எப்படி நிரப்புவது என்பதையெல்லாம் வகுப்பில் சொல்லிவிட்டார்களாம். எனக்கு வேலை மிச்சம். நான் பயத்தைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

அதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. மின்விசிறி கொஞ்சம் ஆடினால்கூட அதன் அடியில் உட்கார மாட்டேன். அப்படிப்பட்டவள் பருந்துக் கூடுகளைப் பார்த்தபடி இத்தனை வருடம் சம்பளம் வாங்கினேன் என்றால் என் வீட்டிலேயே சிரிக்கிறார்கள். நீங்களும் சிரிக்கலாம். ஆனால் சிரித்து முடித்த பிறகு கவனியுங்கள், ஏனென்றால் நான் சொல்லப்போகிற தப்பை நம்மைப் போன்றவர்கள்தான் செய்வார்கள். ஏரிக்கரையில் சும்மா நடந்து போகிறவன் செய்ய மாட்டான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும். செல்போனில் டார்ச் எரிந்தாலே பெருமைப்பட்ட காலம். நான் இரும்புலியூரில் குடியிருந்தேன். மாடம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் ஓர் ஏரி, அதன் கரையில் பெரிய புளியமரம், அதன் உச்சிக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர்ப் பக்கம் நீண்ட கிளையில் ஒரு ஜோடி செம்பருந்து கூடு கட்டிக்கொண்டிருந்தது. டிசம்பரிலிருந்து குஞ்சு பறக்கும் வரை அந்தக் குடும்பத்தை விடாமல் பார்த்து எழுதவேண்டும் என்பது எனக்குக் கொடுத்த வேலை.

செம்பருந்தை ஊரில் கருடன் என்பார்கள். கரையில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போவார்கள். நான் சபைக்குப் போகிறவள், கன்னத்தில் போட்டுக்கொள்ளும் பழக்கம் இல்லை. அதனால் முனுசாமி அண்ணனுக்கு என்மேல் ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது.

முனுசாமி அண்ணன் அந்த ஏரியில் மீன் பிடிப்பவர். காற்று அடைத்த லாரி டியூப்பின்மேல் உட்கார்ந்து, கையாலேயே துழாவிக்கொண்டு போய் வலை விரிப்பார். முதல் நாளே என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னா மேடம், எல்லாரும் சாமின்னு கும்புட்டுகினு போறாங்க, நீ இன்னாடான்னா சாமியையே வேவு பாத்துகினு கீறியே."

அவர் எனக்கு ஓர் உதவி செய்தார். மரத்திலிருந்து அறுபது எழுபது அடி தள்ளி, வேலிக்காத்தான் புதரை ஒட்டி, நான் ஒரு மறைப்பு கட்டியிருந்தேன். நான்கு மூங்கில், சுற்றிலும் செடிகளுக்கு நிழலாகக் கட்டுவார்களே அந்தப் பச்சை வலை, அதை இழுத்துக் கட்டப் பச்சை நைலான் நூல். உள்ளே ஒரு ஸ்டூல். நான் தனியாக உள்ளே போனால் பருந்து பார்த்துக்கொண்டே இருக்கும், உள்ளே ஆள் இருப்பது அதற்குத் தெரியும், கூட்டுக்கு வராது. பறவைக்கு எண்ணத் தெரியாது என்பது நம் தொழிலில் ஒரு பழைய நம்பிக்கை. அதனால் இரண்டு பேர் உள்ளே போய் ஒருவர் திரும்பி வந்துவிட வேண்டும். ஆள் போய்விட்டது என்று அது நினைத்துக்கொள்ளும். தினமும் காலையில் முனுசாமி அண்ணன் என்னோடு உள்ளே வந்து, ஒரு பீடி பிடிக்கிற நேரம்கூட இல்லாமல் திரும்பிப் போவார்.

"உன்னைக் கொண்டாந்து வுட்டுட்டுத் திரும்பிப் போறதுக்குன்னே எங்கம்மா என்னைப் பெத்துப் போட்டுச்சா மேடம்?" என்பார். ஆனால் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை.

பறவையை ஏமாற்றுகிறோம் என்று அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த மறைப்பைக் கட்டியதிலும் பெருமை. கழற்றிக் கட்ட வசதியாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு முடிச்சிலும் நூலின் நுனியை ஒரு முழம் விட்டிருந்தேன். காற்றில் அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும்.

ஜனவரியில் பெண் பருந்து அடை உட்கார்ந்தது. பிப்ரவரியில் ஒருநாள் ஆண் மீன் கொண்டுவர, பெண் எழுந்து நின்று குனிந்து எதற்கோ ஊட்டியது. நான் உள்ளே உட்கார்ந்து அழுதுவிட்டேன். பிறகு தெரிந்தது, இரண்டு குஞ்சுகள். பெயர் வைக்கக்கூடாது என்று எங்களுக்கு உத்தரவு. வைக்கவில்லை. பெரியது, சின்னது என்று மட்டும் எழுதினேன், அதுவே பெயராகிவிட்டது.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. காக்கா கிட்டே வந்தால் அது போகிற வரை பைனாகுலரை இறக்க மாட்டேன். வெயில் உச்சிக்கு ஏறினால், தாய் சிறகை விரித்து நிழல் கொடுக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். காற்று கொஞ்சம் வேகமாக அடித்தால் அந்தக் கிளை ஆடும், என் கால்கள் தாமாக எழுந்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமை சபையில் உட்கார்ந்திருக்கும்போதுகூடப் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தக் கிளையைத்தான் நினைப்பேன். அந்த ஒரு நாள் ஏரிக்குப் போவதில்லை.

ஒரு காலைப்பொழுது, குஞ்சுகளுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும், நான் வந்து உட்கார்வதற்குள் பெண் பருந்து எங்கிருந்தோ பறந்து வந்து கூட்டில் இறங்கியது. அலகில் ஏதோ பச்சையாக, நீளமாகத் தொங்கியது. வேட்டைப் பறவைகள் சில கூட்டுக்குள் பச்சை இலையைக் கொண்டுவந்து வைக்கும் என்று படித்திருந்தேன். ஆஹா, நாமும் பார்த்துவிட்டோம் என்று ஒரு சந்தோஷம். நோட்டை எடுத்து, "பெண், பசுந்தழை கொண்டுவந்தது" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். பிறகு மார்ச்சில் ஒரு முறை, மறுபடி ஒரு முறை. மூன்று தடவையும் பசுந்தழைதான். மூன்று தடவையும் அடிக்கோடு.

ஏப்ரல் பிறந்தது. குஞ்சுகளுக்கு ஏழு வாரம். பெரியது கூட்டின் விளிம்பில் நின்று சிறகை அடித்து ஒரு சாண் எம்பி எம்பி இறங்கியது. சின்னதும் எம்பியது. ஆனால் எம்பிய வேகத்தில் யாரோ பின்னாலிருந்து இழுத்ததுபோல் தொப்பென்று உட்கார்ந்தது. விளையாடுகிறது என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே. பிறந்ததிலிருந்தே கொஞ்சம் நோஞ்சான், அதனால்தான் என்று அதற்கும் ஒரு காரணத்தை நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை ஒன்பது ஒன்பதரை இருக்கும். ஆண் ஒரு கெண்டையைக் கொண்டுவந்து போட்டது. இரண்டும் பாய்ந்தன. பெரியது தள்ளியதா, சின்னது சறுக்கியதா, தெரியவில்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் சின்னது விளிம்பைத் தாண்டிக் கீழே போனது. போச்சு என்று கத்திக்கொண்டே எழுந்தேன். ஆனால் அது தரைக்கு வரவில்லை. கூட்டுக்குக் கீழே, ஒரு கால் மேலே, தலை கீழே, அந்தரத்தில் தொங்கிக்கொண்டு சிறகை அடித்தது. எதுவோ அதன் காலைக் கூட்டோடு கட்டிவைத்திருந்தது.

ஐயோ, அதை நான் எப்படிச் சொல்வேன்? அடித்து அடித்து ஓய்ந்துபோய்ச் சும்மா தொங்கும். செத்துவிட்டதோ என்று பார்த்தால் மறுபடி அடிக்கும். தாய் கத்திக்கொண்டே மரத்தைச் சுற்றியது. மறைப்பை விட்டு வெளியே ஓடி வந்து கரையில் நின்று, "அண்ணா! அண்ணா!" என்று கூவினேன்.

முனுசாமி அண்ணன் டியூப்பைத் துழாவிக்கொண்டு கரைக்கு வந்தார். அண்ணாந்து பார்த்தார். "அடப் பாவமே. கால்ல நூலு மாட்டிகினு கீது மேடம்."

நூல் என்று அவர் சொன்னதுதான் தாமதம், பயமெல்லாம் கோபமாக மாறி அவர்மேல் பாய்ந்தது. இதை நான் மறைக்கப் போவதில்லை. "உங்க வலை நூல்தான்! கிழிஞ்ச வலையைக் கரையெல்லாம் போட்டு வைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்? இப்ப பாருங்க, பாருங்க நல்லா!" என்று கத்தினேன். உண்மையில் நான் அப்படி ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "என்னுது வெள்ளை நூலு மேடம்" என்று மெதுவாகச் சொன்னார். என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

எங்கள் தலைமை ஆய்வாளர் வெளியூரில் இருந்தார். அவரை நாங்கள் சார் என்று மட்டும்தான் கூப்பிடுவோம். கூட்டில் கை வைக்காதே என்பது அவர் எங்களுக்குப் போட்ட முதல் விதி, கடைசி விதி. போனில் விஷயத்தைச் சொன்னேன்.

"மேல இன்னொண்ணு இருக்கில்ல எஸ்தர்?"

"இருக்கு சார். நல்லா இருக்கு."

"ஆள் ஏறினா அது பயந்து குதிச்சிடும். இன்னும் பறக்கத் தெரியாது. ஒண்ணைக் காப்பாத்தப் போய் ரெண்டும் போச்சுன்னா?"

"தெரியலை சார். நீங்க சொல்லுங்க."

"நான் அங்க இல்லையே. மரம் எனக்குத் தெரியலை, காத்து தெரியலை. பாத்துக்கிட்டு இருக்கிறது நீங்க. முடிவு உங்களோடதுதான். எதுவானாலும் வனத்துறைக்கு முதல்ல சொல்லிடுங்க." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

அப்போது அவரை மனதுக்குள் எப்படித் திட்டினேன் என்று இங்கே சொல்ல முடியாது. அவர் நழுவிக்கொண்டாரா, இல்லை என்னை நம்பினாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. வனத்துறை அலுவலகத்தில் போனை எடுத்தவர் நல்ல மனிதர். பறவைக்கு ஆபத்து என்றால் காப்பாற்றுங்கள், பிறகு எழுத்தில் கொடுத்துவிடுங்கள் என்றார்.

இப்போது ஏற ஆள் வேண்டும். எனக்குத் தெரிந்து உயரத்தில் ஏறுகிறவர் பஷீர் ஒருவர்தான். செல்போன் டவருக்குப் பெயிண்ட் அடிப்பவர். எங்கள் சபைக் கோபுரத்துக்கும் அவர்தான் வெள்ளை அடித்தார், அப்போது பழக்கம். கூப்பிட்டால் படப்பையில் ஒரு டவர் உச்சியில் இருந்து பேசினார். "எறங்கி வரணும்க்கா, வண்டியை எடுக்கணும். முக்கால் மணி நேரம் ஆகும். தாங்குமா?"

"வாங்க பஷீர்" என்றேன். தாங்குமா என்று எனக்கு எப்படித் தெரியும்?

அந்த முக்கால் மணி நேரத்தை நீங்கள் யாரும் அனுபவிக்கக்கூடாது. வெயில் ஏறுகிறது. மேலே ஒன்று தொங்குகிறது. கரையில் இரண்டு நாய்கள் வந்து, எப்படித்தான் அவற்றுக்குத் தெரியுமோ, மரத்தடியில் படுத்துக்கொண்டு மேலே பார்த்தன. குச்சியை எடுத்து விரட்டினேன், பத்தடி போய் மறுபடி படுத்தன. முனுசாமி அண்ணன் என்னோடு பேசவில்லை. ஆனால் போகவும் இல்லை.

பஷீர் வருகிற வரைக்கும் முடிவைத் தள்ளிப்போட்டேன் என்பதுதான் நிஜம். வந்தால் ஏறச் சொல்வேனா, வேண்டாம் என்று திருப்பி அனுப்புவேனா என்றுகூடத் தெரியாது. சின்னதை விட்டுவிட்டால் பெரியது நிச்சயமாகப் பிழைக்கும். விதியும் என் பக்கம். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்க முடியாது. அந்தப் பாதுகாப்பு எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா? கை கட்டி நின்றுகொண்டு, இயற்கை என்று சொல்லிவிடலாம். நோட்டில் இரண்டு வரி எழுதிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

நான் செய்தது என்னவென்றால், கீழே இருந்து ஒரு பிடி மண்ணை அள்ளித் தூவிப் பார்த்தேன். காற்று கரையிலிருந்து தண்ணீர்ப் பக்கம் போனது. பெரியது குதித்தாலும் காற்று அதை ஏரிப் பக்கம்தான் தள்ளும், நாய்ப் பக்கம் அல்ல. மூன்று நாளாகச் சிறகடிப்பதால் கல் மாதிரி விழாது, சறுக்கிக்கொண்டு இறங்கும். ஏரியில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது, அதில் விழுந்தால் உடனே மூழ்காது. இதைக் கணக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். நம்பிக்கை வராமல் இன்னொரு பிடி மண்ணையும் அள்ளித் தூவினேன்.

முனுசாமி அண்ணனிடம் போனேன். "அண்ணா, பெரியது குதிச்சா தண்ணிலதான் விழும். நீங்க டியூப்பில அங்க நிக்கணும்." சற்று முன் அவரைத் திட்டிய அதே வாயால் கேட்டேன்.

"குந்திகினு இருக்கத்தான் போறேன். நீ சொல்லாங்காட்டியும்" என்று டியூப்பைத் தள்ளிக்கொண்டு போனார்.

பஷீர் வந்தார். பெல்ட், கயிறு, ஹெல்மெட், சட்டையெல்லாம் சிவப்பு வெள்ளைப் பெயிண்ட். அண்ணாந்து பார்த்துவிட்டு இரண்டே கேள்வி கேட்டார். "கொத்துமா?"

"கொத்தாது, நகத்தால பிடிக்கும். தாய் வந்து அடிக்கும், ஹெல்மெட்டைக் கழட்டாதீங்க."

"கிளை தாங்குமா?"

"தெரியாது பஷீர்."

அவர் பெல்ட்டை இறுக்கிக்கொண்டார். "டவர்னா எவ்வளவு தாங்கும்னு தகடுல எழுதியிருக்கும்" என்று சொல்லிவிட்டு, பிஸ்மில்லா என்று மரத்தில் கை வைத்தார்.

கூட்டுக்கு எதிர்ப்பக்கமாக, அடிமரத்தின் மறைவிலேயே ஏறச் சொன்னேன். பெரியதை நேராகப் பார்க்க வேண்டாம் என்றும் சொன்னேன். இப்போது அந்தரத்தில் இரண்டு உயிர், நான் சொன்னதால் ஏறிய உயிர் ஒன்று. கிளை பிரிகிற இடத்தில் கயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அவர் படுத்தபடி நகர்ந்தபோது எங்கோ சடக்கென்று ஒரு சத்தம். கர்த்தாவே, கர்த்தாவே என்பதைத் தவிர எனக்கு வேறு ஜெபம் வரவில்லை. மேலேயிருந்து, "காஞ்ச குச்சிக்கா, ஒண்ணுமில்லை" என்று குரல் வந்தது.

தாய் பாய்ந்து வந்து ஹெல்மெட்டில் அடித்தது. "ஏம்மா! உன் புள்ளையைத்தாம்மா எடுக்க வந்திருக்கேன்!" என்று பஷீர் அதனோடு சண்டை போட்டார். இரண்டாவது தடவை அது அடித்தபோது பெரியது குதித்துவிட்டது.

சிறகை விரித்துத் தடுமாறித் தடுமாறி, நான் நினைத்த திசையில், நான் நினைத்ததைவிடத் தூரமாகப் போய் ஆகாயத்தாமரையில் விழுந்தது. ஒரு சிறகு மட்டும் மேலே தெரிந்தது. முனுசாமி அண்ணன் அந்த வயதில் அப்படித் துழாவி நான் பார்த்ததில்லை. தலைத்துண்டை அவிழ்த்து அதன்மேல் போட்டு அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு, "கீது மேடம்! உசுரு கீது!" என்று கூவினார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அதற்குள் பஷீர் நூலை அறுத்துச் சின்னதைத் துணிப்பையில் போட்டு, பையைக் கயிற்றில் கட்டி இறக்கிவிட்டுத் தானும் இறங்கினார். பையைத் திறந்து மடியில் வைத்தேன். வாயைப் பிளந்து மூச்சு வாங்கியது. காலில், விரல்களுக்கு மேலே, அழுக்கேறி நிறம் தெரியாத நூல் நாலைந்து சுற்றுச் சுற்றி, சதை வீங்கி நூலை மூடியிருந்தது. நகவெட்டியால் ஒவ்வொரு இழையாக அறுத்து எடுத்தேன். ரத்தம் கசிந்தது. கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் எடுத்துவிட்டேன். வீக்கத்துக்குள் இன்னும் ஓர் இழை இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை.

மருத்துவரிடம் கொண்டுபோகலாம். கொண்டுபோனால் கூட்டுக்குத் திரும்புவது சந்தேகம், தாய் கைவிட்டுவிடலாம். திருப்பி வைத்தால் உள்ளே நூல் இருக்கலாம். விரல்களைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தன. என் கட்டைவிரலை அதன் காலுக்குள் வைத்தேன். பிடித்தது. நகம் இறங்கி ரத்தம் வருகிற அளவுக்குப் பிடித்தது. மேலேயே வைத்துவிடுவோம் என்றேன்.

பஷீர் இரண்டாவது தடவை ஏறி இரண்டையும் கூட்டில் வைத்தார். கூட்டுக்குள் கிடந்த நூல் அத்தனையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு இறங்கினார். "இந்தாங்கக்கா, பொறுக்கினது" என்று என் உள்ளங்கையில் வைத்தார்.

பச்சை நூல். நைலான். ஒவ்வொன்றும் ஒரு முழம். ஒன்றின் நுனியில், பிரியாமல் இருக்க நெருப்பில் உருக்கிய கறுப்புப் பொட்டு. நான் வீட்டில் மெழுகுவர்த்தியில் வைத்து உருக்கியது.

நான் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளிலும், மற்ற நாட்களில் காலையில் நான் வருவதற்கு முன்பும் பெண் பருந்து என் மறைப்பிலிருந்து நூலை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. ஒரு திங்கட்கிழமை சில முடிச்சில் நுனி காணாமல் இருந்தது. அணில் கடித்திருக்கும் என்று நினைத்துப் புது நூல் கட்டினேன். தாராளமாக, ஒரு முழம் விட்டு. பிறகு அதையே பறவையின் அலகில் பார்த்துப் பசுந்தழை என்று எழுதி அடிக்கோடு போட்டேன். குஞ்சுகளுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோது, குதிக்கத் தெரியாத வயதில், பத்து நிமிடத்தில் எடுத்திருக்கலாம்.

கையை மூடிக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு முழுவதும் இருந்த பயத்தைவிட அந்த ஒரு நொடி பயம் பெரிது. பஷீருக்கு எதுவும் தெரியாது. நூலைப் பைக்குள் போட்டுவிட்டால் போதும், அது என்றென்றைக்கும் முனுசாமி அண்ணனின் வலை நூலாகவே இருந்துவிடும். நிமிர்ந்தேன். முனுசாமி அண்ணன் ஈரத்தோடு கரையில் நின்று மறைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் நுனிகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

"மறைப்பைப் பிரிச்சிடலாம் அண்ணா" என்றேன்.

அவர் கத்தியை எடுத்தார். "அறுத்துடவா?"

"வேண்டாம். துண்டு கீழே விழும். அவிழ்க்கணும்."

மூன்று பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தோம். வெயிலிலும் மழையிலும் இறுகிப்போன முடிச்சுகள். நகம் பெயர்ந்தது. பஷீர் பல்லால் கடித்து இழுத்தார். பாதி வேலையில் நான் கையைத் திறந்து காட்டினேன். "அண்ணா, இது உங்க வலை நூல் இல்லை. என்னுது. நான்தான் கட்டினேன். தெரியாம உங்களைத் திட்டிட்டேன், மன்னிச்சிடுங்க."

அவர் முடிச்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்னுது வெள்ளைன்னு அப்பவே சொன்னேனே மேடம்."

"சொன்னீங்க."

"காதுல வுழல?"

"விழுந்தது அண்ணா."

அவர் அந்த முடிச்சை அவிழ்த்து நூலைச் சுருட்டி வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "வெரலைத் தொடைச்சிக்கோ, ரத்தம் வருது" என்று துண்டை நீட்டினார்.

மூங்கிலைப் பிடுங்கி, தரையில் ஓர் இழை விடாமல் பொறுக்கி, மூன்று பேரும் கிளம்பினோம். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, போனவர்கள் அத்தனை பேரும் திரும்பி வந்தோம். தாய் கூட்டுக்கு வரவில்லை. நாங்கள் இருக்கிற வரைக்கும் வராது என்பதால் பார்க்காமலே போகவேண்டியிருந்தது. அன்று இரவு நான் தூங்கினேனா என்று கேட்காதீர்கள்.

மறுநாள் விடிந்ததும் தூரத்து மதகின்மேல் போய் உட்கார்ந்தேன். கூட்டில் அசைவே இல்லை. அரை மணி, ஒரு மணி. காக்காய்கள் அந்தக் கிளையில் வந்து உட்கார்ந்தன. அழக்கூடத் தெம்பில்லை. அப்போது ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தாய் வந்தது, காலில் மீன். காக்காய்கள் பறந்தன. கூட்டிலிருந்து ஒரு தலை எழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

நோட்டை எடுத்துப் பிப்ரவரி, மார்ச் பக்கங்களைத் திருப்பினேன். பசுந்தழை என்று எழுதிய மூன்று இடத்திலும் ஒரே கோடாக அடித்தேன், கீழே உள்ளது படிக்கத் தெரிகிற மாதிரி. பக்கத்தில், "பச்சையாக, நீளமாக ஏதோ. பின்னர் தெரிந்தது: பச்சை நைலான் நூல், என் மறைப்பினுடையது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சார் அதைப் படித்தார். உங்கள் படிவத்தில் 'கண்டது' என்று ஒரு கட்டமும் 'கருதுவது' என்று ஒரு கட்டமும் தனித்தனியாக இருக்கிறதே, அது அடுத்த சீசனிலிருந்து வந்தது. நீங்கள் எல்லோரும் சலித்துக்கொண்டு நிரப்புகிற கட்டம்தான்.

பெரியது ஒரு வாரத்தில் பறந்தது. சின்னதற்கு இன்னும் ஒன்பது நாள் ஆனது. கிளம்பும்போது ஒரு காலைச் சரியாக மடக்காமல் கொஞ்சம் தொங்கவிட்டபடி பறந்தது. வலியா, பழக்கமா, உள்ளே ஓர் இழை இருந்து அது வளர வளர இறுக்குமா, எனக்குத் தெரியாது. பைனாகுலர் எட்டுகிற வரை பார்த்தேன். அப்புறம் அது மரங்களுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

ஓய்வு பெற்று வருடங்கள் ஆகிவிட்டன. ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எப்போதாவது தலைக்கு மேலே ஒரு செம்பருந்து வட்டமடிக்கும். பக்கத்தில் நிற்பவர்கள் அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நான் அதன் காலைப் பார்க்கிறேன்.